ஏர் பெட்ல காத்து நிக்கலையா, முதுகு வலிக்குதா, குளிருதா? எந்தப் பிரச்சனைக்கு என்ன பண்றது

எங்க வீடு சென்னைல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஊர்ல இருந்து அப்பா அம்மா, சித்தி குடும்பம்னு யாராவது வந்தா ஹால்ல தான் படுக்கை, அதுக்காக ஏர் பெட் வாங்க ஆரம்பிச்சது, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ கொடைக்கானல் பக்கம் டென்ட் போட போறோம், அதுக்கும் சேத்து இதுவரைக்கும் நாலு ஏர் பெட் கைமாறிடுச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பிரச்சனை பாத்துட்டேன். எனக்குப் புரிஞ்சது என்னன்னா, நாம “ஓட்டை”ன்னு சொல்றதுல பாதி ஓட்டையே கிடையாது, ஓட்டை இல்லாத பெட்ட தூக்கிப் போடுறோம், நிஜமா ரிட்டர்ன் பண்ண வேண்டியத பேட்ச் ஒட்டி வச்சுக்கிறோம். அதனால முதல்ல என்ன ஆகுதுன்னு பாருங்க, அப்புறம் கைய வைங்க. இன்னும் வாங்கலன்னாலும் இத படிச்சா எத பாத்து வாங்கணும்னு தெரியும்.

ராத்திரி கல்லு மாதிரி இருந்துச்சு, காலைல தொளதொளன்னு ஆயிடுச்சு

எல்லாருக்கும் வர்ற முதல் கம்ப்ளெயின்ட் இது தான். அப்பா முதல் தடவ படுத்தப்போ காலைல அஞ்சு மணிக்கு என்ன எழுப்பி, “இடுப்பு தரைல தட்டுது தம்பி, இது ஓட்டை”ன்னு சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சு பெட்டில எடுத்து வச்சுட்டேன், அது ஓட்டையே இல்ல.

ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, இந்த பெட்டெல்லாம் பெரும்பாலும் பிவிசி ஷீட், புதுசா காத்தடிச்சா முதல் ரெண்டு மூணு தடவ அந்த ஷீட் கொஞ்சம் இழுபடும், உள்ள இடம் பெருசாகுது, காத்து அதே அளவு தான், அதனால தளர்ந்த மாதிரி ஆகும். ரெண்டாவது குளிர். காத்து குளிர்ந்தா சுருங்கும். சாயங்காலம் 32 டிகிரில அடிச்ச காத்து ராத்திரி மலைல 12 டிகிரிக்கு இறங்குனா நூறு லிட்டருக்கு ஆறரை லிட்டர் குறைஞ்சிடும், ஒரு சொட்டு காத்து கூட வெளிய போகாமயே. வீட்டுல ஏசி போட்டு 24ல வச்சா கூட ரெண்டரை லிட்டர் போகும். எலக்ட்ரிக் பம்பு வேற சூடான காத்த தள்ளும், அது ஆறுறப்போ இன்னும் கொஞ்சம் தளரும்.

இத கண்டுபிடிக்க நான் பண்றது ரொம்ப சிம்பிள். காலைல தொளதொளன்னு இருக்கற பெட்ட அப்படியே விட்டுட்டு, யாரும் மேல உக்காராம, ஏசி இல்லாம மத்தியானம் வரைக்கும் வைங்க. மத்தியான சூட்டுல தானா திரும்ப டைட் ஆச்சுன்னா காத்து எங்கயும் போகல, உள்ளயே தான் இருக்கு. ரெண்டு மூணு தடவ அடிச்சு ஷீட் இழுபட்டு முடிஞ்ச பெட்டும் அப்படி டைட் ஆகலன்னா, இல்ல இன்னும் தளர்ந்துச்சுன்னா, அப்போ தான் ஓட்டைய தேடணும்.

ஓட்டை இல்லன்னா செய்ய வேண்டியது இவ்ளோ தான்: புது பெட்ட வாங்குன அன்னிக்கே அடிச்சு ஒரு நாள் சும்மா போட்டு வைங்க, மறுநாள் டாப் அப் பண்ணுங்க, அதுக்கப்புறம் ஆளப் படுக்க விடுங்க. விருந்தாளி வர்ற அன்னிக்கு பெட்டிய பிரிக்காதீங்க. டென்ட்ல படுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி, குளிர் இறங்குனதுக்கு அப்புறம் ஒரு தடவ பம்பு அடிச்சுக்கோங்க.

ஒரு மணி நேரத்துலயே இறங்குது

இது நிஜ கசிவு. ஆனா உடனே ஷீட்ட சந்தேகப்படாதீங்க, வால்வுல இருந்து ஆரம்பிங்க. மூடிக்கு உள்ள ஒரு மெல்லிசு ரப்பர் வளையம் இருக்கும், அதுல ஒரு முடி, ஒரு மணல் துகள் மாட்டுனா போதும், ராத்திரி முழுக்க காத்து போகும். எங்களோட ரெண்டாவது பெட்ல நான் மூணு நாள் ஓட்டைய தேடினேன், கடைசில வால்வு வாய்ல ஒரு பொரி ஒட்டிட்டு இருந்துச்சு, சரஸ்வதி பூஜைக்கு வாங்குனது. ஈரத்துணில தொடச்சேன், அப்புறம் ஒரு வாரம் அப்படியே நின்னுச்சு. உள்ளயே பம்பு இருக்கற மாடல்னா அந்த திருகுற குமிழ் மூடுற இடத்துல முழுசா போய் நிக்குதான்னு பாருங்க, பாதில நின்னா மெதுவா காத்து போகும்.

வால்வு நல்லா இருந்தா அடுத்தது சோப்புத் தண்ணி. முதல்ல பெட்ட நல்லா டைட்டா அடிங்க. ஃபேன், ஏசி, டிவி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு காத வச்சு கேளுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல தெரு அடங்குன பிறகு பண்ணா பெரிய ஓட்டை இதுலயே மாட்டிக்கும். கேக்கலன்னா புறங்கைய நனைச்சு ஷீட்டுக்கு ஒரு விரல் தூரத்துல மெதுவா நகத்துங்க, கசியற இடத்துல சில்லுன்னு படும். அதுலயும் தெரியலன்னா ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து ஸ்பாஞ்சுல தொட்டு கொஞ்சம் கொஞ்சமா தடவிட்டு வாங்க, வால்வ சுத்தி முதல்ல, அப்புறம் ஓரத்து ஒட்டு, அப்புறம் அடிப்பக்கம், மேல வெல்வெட் மாதிரி இருக்கற பக்கம் கடைசில. அவசரப்படாதீங்க, சின்ன ஓட்டைனா நுரை உடனே வராது, தடவிட்டு பத்து பதினஞ்சு செகண்ட் அந்த இடத்தையே பாத்துட்டு இருக்கணும், முதல்ல கடுகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வரும், அது பக்கத்துல இன்னொண்ணு, அப்புறம் மெதுவா கொத்தா வளரும். உடனே தொடச்சிட்டு மார்க்கர்ல சுத்தி வட்டம் போடுங்க, காஞ்சா எங்கன்னே தெரியாது. உள்பம்பு மாடல்னா பிளக்க பிடுங்கிட்டுத்தான் இதெல்லாம், பம்பு இருக்கற பக்கம் தண்ணி படவே கூடாது.

பேட்ச் ஒட்டுனேன், ரெண்டு நாள்ல உரிஞ்சிடுச்சு

இங்க தான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. சைக்கிள் பஞ்சர் கடைல வாங்குற சொல்யூஷன் ரப்பருக்கு, பிவிசிக்கு அது பிடிக்காது. டக்குனு ஒட்டுற பசையும் வேணாம், காஞ்சா கெட்டியாகி ஷீட் வளையறப்போ விரிசல் விட்டுடும். எம் சீல் மாதிரி கல்லாகுற எதுவும் இதுக்கு ஆகாது. பிவிசி இல்லன்னா வினைல் பசைன்னே போட்டு டியூப்ல விக்குறாங்க, நீச்சல் குளம், ரப்பர் படகு சாமான் விக்குற இடத்துல கிடைக்கும், ஆன்லைன்லயும் கிடைக்கும்.

காத்த முழுசா இறக்கிடுங்க, கொஞ்சம் காத்து இருந்தா கூட பசை காயறதுக்குள்ள அது வழியா தள்ளும். ஓட்டை வெல்வெட் பக்கம் இருந்தா அந்த பஞ்சு மேல என்ன ஒட்டினாலும் நிக்காது, உப்புத்தாள்ல மெதுவா தேச்சு வழுவழுப்பான ஷீட் தெரியற வரைக்கும் எடுங்க. மெடிக்கல்ல கிடைக்கற சர்ஜிகல் ஸ்பிரிட்ல தொடைங்க, காய விடுங்க. பேட்ச் துண்ட வட்டமா வெட்டுங்க, சதுரமா வெட்டுனா மூலைல இருந்து உரியும், ஓட்டைய விட எல்லா பக்கமும் ரெண்டு சென்டிமீட்டர் பெருசா இருக்கட்டும். டியூப்ல போட்டிருக்கற நேரம் பொறுத்து அழுத்தி ஒட்டுங்க, நடுவுல இருந்து வெளிய பாத்து கட்டை விரலால தேச்சு குமிழிய எடுங்க, மேல ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு அஞ்சு கிலோ அரிசி மூட்டைய வச்சிட்டு ஒரு முழு நாள் தொடாதீங்க. ஒரு முழு நாள்னா 24 மணி நேரம், சாயங்காலம் ஒட்டி ராத்திரி படுக்கறது இல்ல.

ஓரத்து ஒட்டுல கசிவு இருந்தா நேரத்த வீணாக்காதீங்க, அங்க ரெண்டு ஷீட்டும் சேர்ற மடிப்பு, பேட்ச் சமமா உக்காராது. வாரன்டி இருந்தா கேளுங்க.

நடுவுல பூசணிக்கா மாதிரி வீங்கிடுச்சு

இதுக்கு வைத்தியம் இல்ல, நேரா சொல்லிடுறேன். ஏர் பெட்டுக்குள்ள மேல் ஷீட்டையும் கீழ் ஷீட்டையும் இழுத்துப் பிடிக்க வரிசையா பட்டையோ வளையமோ வச்சு ஒட்டியிருப்பாங்க, அதனால தான் அது பலூன் மாதிரி உருண்டையா ஆகாம தட்டையா நிக்குது. அதுல ஒண்ணு பிஞ்சுதுன்னா அந்த இடம் மேல எழும்பும், அதோட பாரம் பக்கத்து பட்டைக்குப் போகும், அப்புறம் அதுவும் பியும். வெளிய இருந்து கை எட்டாது.

ஏன் பிஞ்சுதுன்னு பாத்தா, அளவுக்கு மேல காத்து அடிச்சிருப்போம், இல்ல பசங்க குதிச்சிருப்பாங்க, இல்ல பகல்ல டைட்டா அடிச்ச பெட்ட வெயில்லயோ மூடுன கார்லயோ விட்டிருப்போம். டென்ட்குள்ள மத்தியான வெயில் அடிச்சா உள்ள காத்து விரிஞ்சு பட்டைய இழுக்கும், அதனால காலைல எழுந்ததும் வால்வ ஒரு தடவ திறந்து கொஞ்சம் காத்த விட்டுட்டு வெளிய போங்க.

எங்களோட மூணாவது பெட் தலகாணி வேற ஃப்ரீன்னு வந்துச்சு, மூணே வாரத்துல நடுவுல வீங்குச்சு. வித்தவங்க பத்து நாள் தான் ரிட்டர்ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் தான் வாங்குறப்போ உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஆரம்பிச்சேன். பெட்டிலயும் லிஸ்டிங்லயும் உள்பக்கத்த வெட்டிக் காட்டுற படம் இருக்கும், பட்டைங்க நெருக்கமா இருக்கணும். இன்டெக்ஸ் கம்பெனில உள்பக்கம் ஆயிரக்கணக்கான பாலியஸ்டர் நூல் வச்ச மாடல் இருக்கு, அந்த மாதிரி நூல் வச்சதுல பாரம் நெறைய இடத்துக்கு பிரிஞ்சு போகும். உள்படமே போடாம வெறும் வெல்வெட் கலர மட்டும் காட்டுற பெட்ட நான் வாங்க மாட்டேன்.

முதுகு வலி, இல்லன்னா ஒருத்தர் புரண்டா இன்னொருத்தர் தூக்கிப் போடுது

முதுகு வலிக்கு ரெண்டு பக்கமும் காரணம் இருக்கு, காத்து கம்மியா இருந்தா இடுப்பு கீழ போயிடும், ரொம்ப டைட்டா இருந்தா தோளும் இடுப்பு எலும்பும் அமுங்காது. முழுசா அடிச்சிட்டு ஒருக்களிச்சு படுங்க, வால்வ கொஞ்சம் கொஞ்சமா திறந்து விடுங்க, தோள் உள்ள அமுங்குற வரைக்கும், ஆனா இடுப்பு தரைல தட்டாத வரைக்கும். அந்த இடத்துல மூடுங்க. வேற ஒருத்தர் கூட இருந்து வால்வ பாத்துக்கிட்டா ஈஸி.

ரெண்டு பேருக்கு எடை வித்தியாசம் ஜாஸ்தின்னா ஒரே குயின் சைஸ் பெட் வேலைக்கே ஆகாது, கனமானவங்க பக்கம் இறங்கி இன்னொருத்தர் உருண்டு வருவாங்க. ரெண்டு சிங்கிள் வாங்கி பக்கத்துல போட்டு மேல ஒரு பெரிய பெட்ஷீட்ட விரிங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்.

அப்பா மாதிரி முட்டி வலி இருக்கறவங்களுக்கு இருபது இருபத்தஞ்சு சென்டிமீட்டர் உயர பெட்ல இருந்து எழுந்திருக்கவே முடியாது, ஓரத்துல உக்காந்தா ஓரம் அமுங்கி சரியும். அவங்களுக்குன்னா நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் உயர மாடல் எடுத்து ஒரு பக்கத்த செவுத்தோட ஒட்டிப் போடுங்க. உயரமான பெட் டென்ட்டுக்கு வேணாம், தல கூரைல இடிக்கும்.

போர்வை மேல போர்வை போட்டும் குளிருது

கொடைக்கானல்ல முதல் ராத்திரி எங்களுக்கு ஆனது. ரெண்டு கம்பளி மேல, முதுகுப்பக்கம் மட்டும் ஐஸ் மாதிரி. டிசம்பர் ஜனவரில அங்க ராத்திரி பத்து டிகிரிக்கு கீழ போகும், ஊட்டில உறைபனியே விழும். குளிர் மேல இருந்து வரல, கீழ தரைல இருந்து வருது. தடியான ஏர் பெட்ல உள்ள இருக்கற காத்து சுத்திட்டே இருக்கும், உங்க உடம்பு சூட்ட எடுத்துட்டுப் போய் தரைக்கு குடுக்கும். பெட் எவ்ளோ தடியா இருந்தாலும் இது மாறாது.

கேம்பிங்குக்குன்னு விக்குற மேட்ல ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, சூடு எவ்ளோ தடுக்கும்னு அளக்குற நம்பர், 2018ல அதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு டெஸ்ட் முறை வந்துச்சு. வீட்டுக்கு விக்குற சாதா ஏர் பெட்டுக்கு அந்த நம்பர் 1 கிட்ட தான் நிக்கும், மடிச்சு எடுத்துட்டுப் போற நுரை மேட்டுக்கு 1ல இருந்து 2 கிட்ட. இந்த நம்பர கூட்டிக்கலாம், அதான் இதுல நல்ல விஷயம். அதனால புதுசா எதுவும் வாங்காம, ஏர் பெட்டுக்கு மேல ஒரு நுரை மேட்ட விரிச்சு, மேல போத்துற ரெண்டு கம்பளில ஒண்ண முதுகுக்கு அடில போட்டா போதும். அடுத்த ராத்திரி நாங்க அப்படித்தான் தூங்குனோம், பாப்பா ஒரு தடவ கூட எழுந்திருக்கல. மலைக்கு அடிக்கடி போறவங்கன்னா உள்ள நுரை வச்ச தானா உப்புற மேட் வாங்குங்க, எடையும் கம்மி.

இன்னொண்ணு, டென்ட் அளவ பாக்காம குயின் பெட் எடுத்துட்டுப் போகாதீங்க. குயின்னா சுமாரா 152க்கு 203 சென்டிமீட்டர், ரெண்டு பேர் டென்ட்ல அது தரை முழுக்க அடச்சிடும், பெட்டு சுவர்ல ஒட்டி நின்னு, காலைல சுவர்ல படியற பனி ஈரம் அப்படியே பெட்ஷீட்டுக்கு வரும்.

மலைக்குப் போறப்போ கார்லயே உப்பிடுச்சு

வத்தலகுண்டுல வாங்குன சிப்ஸ் பாக்கெட் மேல போகப் போக பலூன் மாதிரி ஆகும் பாத்திருப்பீங்க, அதே கதை தான். கொடைக்கானல் 2100 மீட்டர் கிட்ட இருக்கு, அங்க வெளிய காத்தழுத்தம் கீழ விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. பசங்க பின்சீட்ல படுக்கன்னு காத்தடிச்சு போட்டீங்கன்னா ஏறும்போது நடுவுல நிறுத்தி காத்த விடணும். டிக்கில மடிச்சு வச்சாலும் வால்வ திறந்தே வைங்க.

சென்னைல முதுகெல்லாம் வேர்வை, கீச் கீச் சத்தம்

பிவிசி காத்தையும் விடாது, வேர்வையையும் உறிஞ்சாது. மெல்லிசு பெட்ஷீட் பத்தாது, பவானி ஜமக்காளத்த ரெண்டா மடிச்சு போட்டு மேல காட்டன் ஷீட் போடுங்க. பாலியஸ்டர் ஷீட் வேணாம். சத்தமும் வழுக்குறதும் டைல்ஸ் தரைல பிளாஸ்டிக் தேயறதால, அடில ஒரு கோரைப்பாய் விரிச்சா ரெண்டுமே போயிடும், தரைல கிடக்குற சின்னக் கல்லு, உடைஞ்ச கண்ணாடித் துண்டு எதுவும் குத்தாம அதுவே காப்பாத்தும். புது பெட்ல பிளாஸ்டிக் வாசனை வந்தா காத்தடிச்சு ஜன்னலோரமா நெழல்ல ரெண்டு மூணு நாள் விட்டா குறையும்.

பம்பு ஓடல

வெளிநாட்டுல இருந்து யாராவது வாங்கிட்டு வந்ததுன்னா பிளக் போடுறதுக்கு முன்னாடி பின்னாடி எழுதியிருக்கறத படிங்க, அமெரிக்கால 120 வோல்ட், நம்ம வீட்டுல 230, அடாப்டர் முனைய மட்டும் மாத்தி சொருகுனா பம்பு புகைஞ்சிடும். ஓடிட்டே இருந்து நின்னா சூடாயிருக்கும், எவ்ளோ நேரம் தொடர்ந்து ஓட்டலாம்னு அதுலயே போட்டிருக்கும், ஆற விட்டு ஓட்டுங்க. உள்பம்பு மட்டும் இருக்கற பெட்ட டென்ட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, கரண்ட் இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது, கார் சாக்கெட்ல 12 வோல்ட்ல ஓடுற பம்போ காலால மிதிக்கிறதோ தனியா வேணும். வாயால ஊதாதீங்க, மூச்சு ஈரம் உள்ள தங்கி பூஞ்சை பிடிக்கும்.

இவங்களுக்கு வேணவே வேணாம்

கைக்குழந்தைய ஏர் பெட்ல தூங்க வைக்காதீங்க. மெத்து அமுங்கி குழந்தை குப்புற போனா மூக்கு அடைபடும், திரும்பத் தெரியாது, ஓரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல மாட்டிக்கும். 15 மாசமோ அதுக்கும் கீழயோ இருக்கற குழந்தைக்கு கூடாதுன்னு பெட்லயே எச்சரிக்கை போட்டிருப்பாங்க, யாரும் படிக்கறதில்ல. பக்கத்துல அம்மா படுத்திருந்தாலும் வேணாம், தொட்டில் இருக்கு, தரைல கெட்டியா விரிச்ச பாய் இருக்கு.

அதே மாதிரி படுத்த படுக்கையா இருக்கற பெரியவங்களுக்கு படுக்கைப்புண் வராம இருக்கன்னு நெனச்சு இந்த பெட்ட வாங்காதீங்க. அதுக்கு மெடிக்கல் கடைல ஆல்ஃபா பெட்னு வேற கிடைக்கும், ஒரு சின்ன பம்பு எப்பவும் ஓடிட்டு பெட்டுக்குள்ள தனித்தனியா பிரிச்சிருக்கற காத்து அறைங்கள்ல மாத்தி மாத்தி காத்த ஏத்தி இறக்கும், உடம்பு அழுந்துற இடம் மாறிட்டே இருக்கும். இந்த கேம்பிங் பெட்ல அது நடக்காது. அது போட்டாலும் டாக்டர் சொன்ன மாதிரி புரட்டிப் படுக்க வைக்கணும்.

எடுத்து வச்சு ஆறு மாசம் கழிச்சு பிரிச்சா ஓட்டை

மடிச்ச கோட்டுலயே வெடிச்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல மடிக்காதீங்க, தளர்வா சுருட்டுங்க, நல்லா காஞ்சதுக்கு அப்புறம். குளிர்ல விறைச்சிருக்கற பிவிசிய அழுத்தி மடிச்சா கீறல் விழும், மலைல காலைல சுருட்டுறதுன்னா வெயில் வந்து பத்து நிமிஷம் ஆகட்டும். வீட்டுல பரண்ல வச்சா எலி கடிக்காத டப்பால வைங்க. நுரை வச்ச மேட்ட மட்டும் சுருட்டாம வால்வ திறந்து கட்டிலுக்கு அடில தட்டையா போட்டு வைக்கணும்.

புதுசு வந்தா அந்த ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள இதெல்லாம் பண்ணிடுங்க: வந்த அன்னிக்கே அடிச்சு, மறுநாள் டாப் அப் பண்ணி, மத்தியான டெஸ்ட் பாத்து, ரெண்டு ராத்திரி நீங்களே படுத்துப் பாருங்க. அது வரைக்கும் பெட்டிய பழைய பேப்பர்காரர்கிட்ட போடாதீங்க, பேட்ச் துண்டு பல சமயம் அந்த அட்டைக்குள்ள ஒரு சின்ன கவர்ல ஒட்டிட்டு இருக்கும்.